மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு கை வீக்கம், தோள் இறுக்கம்: பிசியோதெரபி முழு வழிகாட்டி

மார்பக அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பெண்ணிடம், பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு: "அந்தப் பக்கக் கையை ரொம்ப அசைக்காதீங்க." அக்கறையில் சொல்வதுதான். ஆனால் ஆறு வாரம் இதைக் கேட்டு நடந்தால் ஜாக்கெட்டுக்குள் கையை நுழைக்க முடியாது, தலை பின்ன முடியாது, ரேடியேஷன் மேஜையில் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துப் படுக்க முடியாது. வீக்கத்துக்கும் அது உதவாது. கையிலிருந்து நிணநீரை (திசுக்களிலிருந்து வடியும் நீரை) மேலே தள்ளுவதில் தசைகளின் சுருக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தசை ஓய்ந்தால் நீர் தங்கும்.

தோள் இறுக்கமும் கை வீக்கமும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். அதனால் இரண்டுக்கும் ஒரே வைத்தியம் என்று நினைத்துவிடுகிறார்கள். தோளுக்கு வேண்டியது நீட்டலும் வலுவும். வீக்கத்துக்கு வேண்டியது வெளியிலிருந்து தரும் அழுத்தம், அந்த அழுத்தத்துக்குள் அசைவு. காலவரிசையில் தோள் முந்திக்கொள்வதால் அதிலிருந்து தொடங்கலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள்

எந்தப் பயிற்சிக்கும் முன் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். மார்பகம் முழுதும் எடுக்கப்பட்டதா, கட்டி மட்டுமா? அக்குளில் நெறிக்கட்டுகளை மொத்தமாக எடுத்தார்களா, அல்லது நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு நெறிக்கட்டுகளை (காவல் கணுக்களை) மட்டும் எடுத்துச் சோதித்தார்களா? அக்குளுக்கும் ரேடியேஷன் உண்டா?

அக்குளை முழுதாகச் சுத்தம் செய்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. காவல் கணு மட்டும் எடுத்தவர்களில் அது ஏறக்குறைய இருபதில் ஒருவர். அக்குள் ரேடியேஷன், அதிக உடல் எடை, கையில் வரும் கிருமித்தொற்று ஆகிய மூன்றும் அபாயத்தைக் கூட்டும். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் வரும். பத்து ஆண்டு கழித்து வந்தவர்களும் உண்டு.

வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ தசை எடுத்து மார்பகத்தைத் திரும்ப அமைத்திருந்தால் கீழே சொல்லும் நாள்கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அறுவை மருத்துவர் தரும் கணக்குதான் உங்களுக்கு.

டியூப் இருக்கும் நாட்கள்

காயத்துக்குள் சேரும் நீரை வடிக்க அறுவையின்போது வைப்பதுதான் இந்த டியூப். பயிற்சியை அறுவை முடிந்த மறுநாளே தொடங்கலாம். விரல்களை மடக்கி விரித்தல், மணிக்கட்டைச் சுழற்றுதல், முழங்கையை மடக்கி நீட்டுதல், இரு தோள்களையும் காது நோக்கி உயர்த்தி இறக்குதல், தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் ஒன்றோடொன்று நெருக்கி 5 விநாடி பிடித்தல். ஒவ்வொன்றும் 10 முறை, நாளுக்கு மூன்று நான்கு வேளை. கூடவே வயிறு உப்ப மூச்சிழுத்து மெல்ல விடுவது 5 முறை. இந்த மூச்சு நெஞ்சுக்கூட்டின் அழுத்தத்தை மாற்றி நிணநீர் இரத்தத்தில் சேரும் வேகத்தைக் கூட்டுகிறது. வீக்கம் வந்த பிறகும் எல்லாப் பயிற்சிக்கும் முன்னுரை இதுதான்.

சாப்பிடுவது, பல் தேய்ப்பது, முகம் கழுவுவது எல்லாம் அந்தக் கையால்தான். தோள் உயரத்துக்கு மேல் மட்டும் கையைக் கொண்டுபோக வேண்டாம். டியூப் எடுக்கும்வரை, அல்லது முதல் 7 முதல் 10 நாள்வரை இந்த எல்லை. அதற்குமேல் தூக்கினால் தோலுக்கடியில் ஒட்ட வேண்டிய படலங்கள் பிரிந்து நீர் சேரும். பிறகு ஊசி போட்டு உறிஞ்ச வேண்டிவரும்.

படுக்கும்போது கைக்கடியில் ஒரு தலையணை வைத்து, கையை உடம்போடு ஒட்டாமல் சற்று விலக்கி வையுங்கள். நெஞ்சோடு கையை அணைத்துக்கொண்டே கிடப்பதுதான் இறுக்கத்தின் முதல் படி. வலிக்குப் பயந்து எல்லாரும் அப்படித்தான் கிடக்கிறார்கள். வலி மாத்திரையைத் தவிர்ப்பதில் பெருமை எதுவும் இல்லை. மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துப் பயிற்சி செய்தால் கை இன்னும் தூரம் போகும்.

டியூப் எடுத்த பிறகு: தோளை மீட்பது

இந்தக் கட்டத்தில் தாமதம் கூடாது. தோள் பிரச்சினை வர வாய்ப்பு அதிகமுள்ள பெண்களிடம் பிரிட்டனில் நடந்த 'ப்ராஸ்பர்' ஆய்வு, 2021-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. அறுவை முடிந்து 7 முதல் 10 நாளில் பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டிய பயிற்சியைத் தொடங்கியவர்களின் கை, ஓராண்டு கழித்து மற்றவர்களின் கையைவிட நன்றாக இயங்கியது.

கம்பு தூக்குதல். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். ஒரு மீட்டர் நீளக் கம்பையோ பி.வி.சி. குழாயையோ இரு கைகளாலும் பிடித்து, நல்ல கை இழுத்துக்கொடுக்க, தலைக்கு மேல் கொண்டுபோங்கள். இழுவை தெரியும் இடத்தில் 5 விநாடி நின்று இறக்குங்கள். 5 முதல் 7 முறை. இடுப்பு தரையிலிருந்து வளைந்து எழும்பினால் தோள் ஏமாற்றுகிறது என்று பொருள். முதுகைத் தரையோடு பதித்து மறுபடி செய்யுங்கள்.

பட்டாம்பூச்சி. அதே படுக்கையில் விரல்களைக் கோத்துக் கழுத்துக்குப் பின்னால் வையுங்கள். முழங்கைகளை முகத்துக்கு முன் சேர்த்து, பிறகு தரையை நோக்கி விரியுங்கள். ரேடியேஷன் மேஜையில் வேண்டிய நிலை கிட்டத்தட்ட இதுதான். எல்லாப் பயிற்சியிலும் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள்.

சுவர் ஏறுதல். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஊருங்கள். எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்து சுவருக்குப் பக்கவாட்டில் நின்று செய்யுங்கள். பக்கவாட்டில் கை குறைவாகவே ஏறும், பயப்பட வேண்டாம். தோள் காதை நோக்கி எம்பினாலோ உடம்பு மறுபக்கம் சாய்ந்தாலோ அந்த உயரம் கணக்கில் சேராது.

முதுகுக்குப் பின். ஜாக்கெட் நாடா கட்ட, உள்பாடி கொக்கி மாட்ட இது வேண்டும். பின்னால் ஒரு துண்டை நெடுக்காகப் பிடித்து, மேலே உள்ள நல்ல கை மெதுவாக இழுக்க, கீழே உள்ள கை முதுகில் ஏறட்டும்.

வாசல் நிலை நீட்டல். நான்காவது வாரம் அளவில், தையல் நன்றாக ஆறியபின் சேருங்கள். முழங்கையைத் தோள் உயரத்தில் மடக்கி நிலையில் பதித்து, ஒரு காலை முன்னால் வைத்து நெஞ்சை மெல்ல முன்னே கொண்டுபோங்கள். 20 முதல் 30 விநாடி, 3 முறை.

எல்லாவற்றையும் நாளுக்கு இரண்டு மூன்று வேளை செய்ய வேண்டும். இழுவை இருக்கலாம், சுளீர் என்ற வலி கூடாது. பயிற்சியால் வந்த நோவு ஒரு மணி நேரத்தில் அடங்க வேண்டும். மறுநாள்வரை நீடித்தால் அளவைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். வெந்நீர்க் குளியலுக்குப் பின் செய்தால் திசு இளகியிருக்கும். ஆனால் அக்குளும் மேற்கையின் உட்புறமும் மரத்திருக்கும். அங்கே செல்லும் தோல் நரம்பு அறுவையில் அடிபடுவது மிகச் சாதாரணம். ஆகவே நீரின் சூட்டை நல்ல கையால் பார்த்துவிட்டே ஊற்றுங்கள்.

கை மேலே போகவில்லை: எது தடுக்கிறது?

வழக்கமாக இந்த இடத்தில்தான் சிகிச்சை தடம் மாறுகிறது. "தோள் பிடிச்சிருச்சு" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கலாம். அவற்றைப் பிரித்துப் பார்க்க வீட்டிலேயே ஓரளவு முடியும்.

கையைப் பக்கவாட்டில் விரிக்கும்போது நெஞ்சின் முன்புறம் இழுத்தால் மார்புத் தசையும் தழும்பும் காரணம். கண்ணாடியில் பார்த்தால் அந்தத் தோள் முன்னோக்கி உருண்டிருக்கும். வாசல் நிலை நீட்டல், பட்டாம்பூச்சி, தோள்பட்டை எலும்புகளை நெருக்குதல் ஆகியவை இதற்கு. தையல் முழுதாக ஆறியபின், சுமார் ஆறாவது வாரத்திலிருந்து, தழும்பின் மேல் இரண்டு விரலை வைத்துத் தோலை மேல், கீழ், பக்கவாட்டில் நகர்த்துங்கள். 5 நிமிடம் போதும். விரல் தோலின் மேல் வழுக்கக் கூடாது. தோலே அடியிலுள்ள தசைமேல் நகர வேண்டும்.

முழங்கையை இடுப்போடு ஒட்டி 90 பாகையில் மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். நல்ல கையைவிட மிகக் குறைவாகத் திரும்பினால், பிறர் திருப்பிவிட்டாலும் போகாவிட்டால், மூட்டு உறையே சுருங்கியிருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது அதிகம். வீட்டு நீட்டல் மட்டும் போதாது. பிசியோதெரபிஸ்ட் மூட்டை மெல்ல அசைத்துத் தளர்த்த வேண்டும், மாதக்கணக்கில் ஆகும்.

மூன்றாவது, பிறர் தூக்கிவிட்டால் கை முழுதும் போகிறது, தானாகத் தூக்கினால் நின்றுவிடுகிறது. இது பலவீனம். சுவரில் உள்ளங்கைகளைப் பதித்துத் தள்ளும்போது பின்னால் நின்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத் தோள்பட்டை எலும்பின் விளிம்பு சிறகாகப் புடைத்தால், அக்குள் வழியே நெஞ்சுக்கூட்டின் பக்கவாட்டுத் தசைக்குப் போகும் நீண்ட நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது. இழுபட்டுத் தளர்ந்த நரம்பு மாதங்களில் மீளக்கூடும். அதுவரை கட்டாயப்படுத்தித் தலைக்கு மேல் எடை தூக்கினால் தோள் தசைநார்கள் உரசி வேறு வலி தொடங்கும். படுத்தபடி, எலும்பு தரையில் பதிந்திருக்கச் செய்யும் பயிற்சிகளே அப்போது சரி.

நான்காவது, அக்குள் கயிறுகள். அறுவை முடிந்து பெரும்பாலும் இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள், கையை விரித்தால் அக்குளிலிருந்து முழங்கைவரை, சில நேரம் கட்டைவிரல் அடிவரைகூட, தோலுக்கடியில் கம்பி போல விறைத்து நிற்கும். நன்றாகத் தூக்கிய கை திடீரென்று தூக்க முடியாமல் போகும். பயந்து பலர் பயிற்சியை விட்டுவிடுவார்கள், விடக் கூடாது. கையைப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை நேராக்கி, உள்ளங்கையைப் பின்னுக்கு வளைத்தால் கயிறு தெரியும். மறு கையின் உள்ளங்கையை அதன்மேல் தட்டையாக வைத்துத் தோலை அக்குளுக்கு எதிர்த் திசையில் மெல்ல இழுத்து 20 முதல் 30 விநாடி பிடியுங்கள். 5 முறை, நாளுக்கு இரு வேளை. சில நேரம் 'டப்' என்று விட்டுக் கை சட்டென்று உயரும். தானாக நடந்தால் நடக்கட்டும், வேண்டுமென்றே வெடுக்கென்று இழுத்து அறுக்க முயலாதீர்கள். பலருக்கு மூன்று மாதத்துக்குள் தளர்ந்துவிடும்.

ரேடியேஷனுக்கு முன்னும் பின்னும்

"கரண்ட் வைக்கிறது" என்று ஊரில் சொல்லும் ரேடியேஷனுக்கு முன், சி.டி. எடுத்து உடம்பில் குறி போடும் நாளில், கை தலைக்கு மேல் அசையாமல் கிடக்க வேண்டும். தோள் ஒத்துழைக்காவிட்டால் திட்டமிடுதல் தள்ளிப்போகும். சிகிச்சையே தள்ளிப்போகும். அந்தத் தேதியை மனதில் வைத்துப் பட்டாம்பூச்சியைத் தினம் 10 நிமிடமாக நீட்டிக்கொள்ளுங்கள்.

சிகிச்சை நடக்கும் வாரங்களில் தோல் சிவந்து கருக்கும். மென்மையான நீட்டல் தொடரலாம். தோல் உரிந்த இடத்தில் மட்டும் தேய்ப்பு, டேப், இறுக்கமான உள்பாடி கூடாது. சிகிச்சை முடிந்ததும் நீட்டலையும் முடித்துவிடுவதுதான் மிகப் பெரிய தவறு. ரேடியேஷன் பட்ட மார்புத் தசை மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் நார்போல இறுகிக்கொண்டே போகக்கூடும். குறைந்தது இரண்டு ஆண்டு, நாளுக்கு ஒரு வேளை, ஐந்து நிமிடமாவது நீட்டுங்கள்.

தோள் வலிக்காகத் தெருமுனை பிசியோதெரபி கிளினிக்குக்குப் போனால் உள்ளே நுழைந்ததும் உங்கள் புற்றுநோய் வரலாற்றைச் சொல்லுங்கள். சாதாரணத் தோள் பிடிப்புக்கு வைக்கும் அல்ட்ராசவுண்ட் சிகிச்சையும் ஷார்ட்வேவ் சூடும் கட்டி இருந்த இடத்தின்மேல் வைக்கத் தக்கவை அல்ல. மெழுகு ஒத்தடமும் வீங்கிய கைக்கு ஆகாது. எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடுவதும் அப்படியே. அந்த அழுத்தமும் சூடும் இரத்த ஓட்டத்தைக் கூட்டிக் கைக்குள் இன்னும் நீரைக் கொண்டுவரும். வெளியேறும் வழிதான் குறைந்துபோயிருக்கிறதே.

வீக்கம் கண்ணுக்குத் தெரியும் முன்பே அளவெடுங்கள்

கை வீக்கம் பெரும்பாலும் சத்தமில்லாமல் தொடங்கும். கை கனக்கிறது, வளையல் ஏறவில்லை, ஜாக்கெட் கை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிறது, மாலையில் மோதிரம் தடம் பதிகிறது. இந்தக் கட்டத்தில் பிடித்தால் திரும்பிவிடும். ஆறு மாதம் "பார்க்கலாம்" என்று விட்டால் நீர் இருந்த இடத்தில் நாரும் கொழுப்பும் படிந்துவிடும். பிறகு கட்டுப்படுத்தலாம், பழையபடி ஆக்குவது கடினம்.

ஒரு தையல் டேப் போதும். இயன்றால் அறுவைக்கு முன்பே, இல்லாவிட்டால் இப்போதே, இரு கைகளையும் அளந்து எழுதிவையுங்கள். வலது கைப் பழக்கமுள்ளவருக்கு வலது கை இயல்பிலேயே சற்றுப் பருமன். தொடக்க அளவு இல்லாவிட்டால் பின்னால் குழப்பம் வரும்.

1. நாற்காலியில் உட்கார்ந்து கையை மேஜைமேல் நீட்டுங்கள். காலை வேளை, எப்போதும் அதே நேரம்.
2. மணிக்கட்டு எலும்பிலிருந்து அக்குளை நோக்கி 4 செ.மீ.க்கு ஒரு புள்ளி வையுங்கள்.
3. புறங்கையிலும் ஒவ்வொரு புள்ளியிலும் சுற்றளவு எடுங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், பதியக் கூடாது.
4. மாதம் ஒரு முறை போதும். தினமும் அளந்தால் கவலைதான் வளரும்.

ஏதாவது ஒரு புள்ளியில் இரு கைகளுக்கும் வித்தியாசம் 2 செ.மீ. எட்டினால் வீக்கம் உறுதி என்பது பழைய அளவுகோல். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. தொடக்க அளவிலிருந்து கையின் கொள்ளளவு 5 சதவீதம் கூடினாலே பிசியோதெரபிஸ்டைப் பார்க்கலாம்.

கொள்ளளவுக் கணக்கு கடினமில்லை. அடுத்தடுத்த இரண்டு சுற்றளவுகளை எடுங்கள். முதலாவதன் வர்க்கம், இரண்டாவதன் வர்க்கம், இரண்டின் பெருக்கல், மூன்றையும் கூட்டுங்கள். அதை 4-ஆல் பெருக்கி 37.7-ஆல் வகுத்தால் அந்தத் துண்டு எத்தனை மி.லி. என்று வரும். 20, 22 செ.மீ. என்றால் 400 + 484 + 440 = 1324; விடை ஏறக்குறைய 140 மி.லி. எல்லாத் துண்டுகளையும் கூட்டினால் முழுக் கை.

பெருவிரலால் 10 விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து மெல்ல மறைந்தால் இன்னும் நீர்தான். கீழே சொல்லும் அழுத்தக் கட்டுக்கு நன்றாக அடங்கும். குழி விழாமல் தோல் தடித்து, ஆள்காட்டி விரல் அடியில் தோலைக் கிள்ளித் தூக்க முடியாவிட்டால் அடுத்த கட்டம். இதை யானைக்கால் நோய் என்று நினைத்து அதற்கான மாத்திரை வாங்கித் தின்பவர்கள் உண்டு. யானைக்கால் கொசு பரப்பும் புழுவால் வருவது. இது அக்குளில் வழி அடைபட்டதால் வருவது. அந்த மாத்திரைக்கு இங்கே வேலை இல்லை. சிறுநீரைக் கூட்டும் மாத்திரையும் இதைக் குறைக்காது. அது தண்ணீரை வெளியேற்றும். தேங்கி நிற்கும் புரதம் அப்படியே இருந்து மறுபடி நீரை இழுத்துக்கொள்ளும்.

கட்டு: சிகிச்சையின் முதுகெலும்பு

வீக்கம் நிலைத்துவிட்டால் சிகிச்சை இரண்டு கட்டம். முதல் கட்டம் இரண்டு முதல் நான்கு வாரம்: வாரத்துக்கு ஐந்து நாள் பயிற்சி பெற்ற தெரபிஸ்டிடம் மசாஜ், பலஅடுக்குக் கட்டு, பயிற்சி, தோல் பராமரிப்பு. கட்டு ஏறக்குறைய நாள் முழுதும் கையில் இருக்கும். குளிக்கவும் திரும்பக் கட்டவும் மட்டும் அவிழும். இரண்டாம் கட்டம் வாழ்நாள் முழுதும்: பகலில் கம்ப்ரெஷன் ஸ்லீவ் (கையை இறுக்கிப் பிடிக்கும் உறை), வேண்டுமானால் இரவில் கட்டு.

மருந்துக் கடையில் 'கட்டு' என்று கேட்டால் தருவது கிரேப் பேண்டேஜ். அது வேண்டாம். அது ரப்பராக இழுபடும்: கை ஓய்வில் இருக்கும்போதும் இறுக்கிக்கொண்டே இருக்கும், தசை புடைக்கும்போதோ விட்டுக்கொடுத்துவிடும். வேண்டியது ஷார்ட் ஸ்ட்ரெட்ச் பேண்டேஜ். ஓய்வில் லேசாக இருக்கும், தசை சுருங்கும்போது சுவராக நின்று எதிர்க்கும். அந்த எதிர்ப்புதான் நீரைத் தள்ளுகிறது. அதனால்தான் கட்டைப் போட்டுவிட்டு டி.வி. முன்னால் சும்மா உட்கார்ந்தால் பாதிப் பலன்கூட இல்லை.

ஒரு கைக்கு: சுமார் 1 மீட்டர் பருத்திக் குழல்துணி, விரலுக்கு 4 முதல் 6 செ.மீ. காஸ் சுருள் 2, 10 செ.மீ. பஞ்சுச் சுருள் 2, ஷார்ட் ஸ்ட்ரெட்ச் 6 செ.மீ., 8 செ.மீ., 10 செ.மீ. தலா ஒன்று (தலா 5 மீட்டர்), ஒட்டும் டேப். கொக்கி ஊசிகள் தோலைக் கீறும், தூக்கிப் போடுங்கள்.

1. கையைக் கழுவி, இடுக்குகள் உலரத் துடைத்து, வாசனையில்லாத கிரீம் தடவுங்கள். குழல்துணியைப் போடுங்கள், கட்டைவிரலுக்கு ஓட்டை வெட்டுங்கள்.
2. காஸை மணிக்கட்டில் ஒரு சுற்று பிடித்து, புறங்கை வழியே விரலுக்குப் போய், நகத்தின் அடியிலிருந்து விரல் வேர்வரை சுற்றி, மறுபடி புறங்கைக்கு. ஐந்து விரலும் இப்படியே. உள்ளங்கையில் குறுக்கே நிறைய போகவிடாதீர்கள், கை மடங்காது.
3. பஞ்சை மணிக்கட்டிலிருந்து அக்குள்வரை சுற்றுங்கள். முழங்கை மடிப்பில் இரட்டை அடுக்கு. அங்கே பஞ்சு குறைந்தால்தான் கட்டு அறுத்துப் புண்ணாகும்.
4. விரல்களை விரித்துவைத்து 6 செ.மீ. பேண்டேஜால் புறங்கையையும் மணிக்கட்டையும் சுற்றுங்கள்.
5. கையை முட்டி பிடித்துக்கொண்டு, 8 செ.மீ. பேண்டேஜை மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் பாதி மூட, மேற்கைவரை கொண்டுபோங்கள்.
6. 10 செ.மீ. பேண்டேஜை எதிர்த் திசையில் சுற்றி, முன்கையிலிருந்து அக்குள்வரை முடியுங்கள்.

இழுவிசை முழுக்க ஒரே அளவு. மேலே போகப் போகத் தளர்த்த வேண்டியதில்லை. கையின் பருமன் கூடக் கூட அதே இழுவிசை தரும் அழுத்தம் தானாகவே குறையும். அதோடு கீழே அடுக்குகள் அதிகம், மேலே குறைவு. இந்தச் சரிவு தலைகீழானால், அதாவது மேற்கையில் இறுகி மணிக்கட்டில் தளர்ந்தால், புறங்கை பூரி போல உப்பிவிடும்.

கட்டி முடித்ததும் நகத்தை அழுத்தி விடுங்கள். 2 விநாடிக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும். விரல் நீலமானாலோ, மரத்தாலோ, குத்துவலி வந்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள், அடுத்த நாள் தெரபிஸ்டைப் பார்க்கும்வரை பொறுத்துக்கொள்ளாதீர்கள். பிறகு கட்டுடனேயே முட்டி பிடித்தல், முழங்கை மடக்கல், கையைத் தூக்கி முட்டி பிடித்தல், தோள் சுழற்றல், ஒவ்வொன்றும் 10 முறை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. நம்மூர் மே மாதத்தில் கட்டுக்குள் வேர்வையும் அரிப்பும் வரும். குழல்துணியைத் தினம் மாற்றுங்கள்; இரண்டு செட் இருந்தால் ஒன்று காயும். விரலிடுக்கில் வெள்ளையாக ஊறினால் பூஞ்சை, அதற்குத் தோல் மருந்து வேண்டும்.

கட்டுப் போடும் முன் இருதயச் செயலிழப்பு, கையின் இரத்தக் குழாயில் உறைந்த இரத்தக் கட்டி, புதிய தொற்று இல்லை என்று மருத்துவர் சொல்ல வேண்டும். முதல் கட்டத்தை யூடியூப் பார்த்து நீங்களாகத் தொடங்காதீர்கள்.

மசாஜ்

நிணநீர் மசாஜை 1930-களில் வடிவமைத்தவர் டென்மார்க்கின் எமில் வோடர். இப்போது அதற்குத் தகுதிக்கு மீறிய புகழ் இருக்கிறது. மசாஜ் மட்டும் செய்து கட்டுப் போடாவிட்டால் மாலைக்குள் நீர் திரும்பிவிடும். துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 15 முதல் 20 நிமிடம்.

ஐந்து ஆழ்மூச்சு. காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் இருபக்கமும் மெல்ல 10 வட்டம். நல்ல பக்க அக்குளில் 10 வட்டம். பாதித்த பக்கத்திலிருந்து நெஞ்சின் குறுக்கே நல்ல அக்குளை நோக்கித் தோலை நகர்த்துதல், 10 முறை. பாதித்த பக்கத் தொடை இடுக்கில் 10 வட்டம், பின் அக்குளுக்குக் கீழிருந்து விலாவழியே அந்த இடுக்குக்கு 10. இவ்வளவுக்கும் பிறகுதான் கை: முதலில் மேற்கையின் வெளிப்புறம் தோளை நோக்கி, பிறகு முழங்கை, முன்கை, கடைசியில் விரல்கள். எப்போதும் மேல்நோக்கி. முன்னால் இருக்கும் பாதை காலியானால்தானே பின்னால் உள்ளது நகரும்? அழுத்தம் தோலை நகர்த்தும் அளவு மட்டும். சிவந்தால் அதிகம். எண்ணெய் போட்டால் விரல் வழுக்கித் தோல் நகராது, எண்ணெய் பிறகு.

காற்றழுத்த பம்பு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: துணைக்கு உதவும், கட்டுக்கு மாற்றாகாது. நீரைத் தோளிலும் நெஞ்சுச் சுவரிலும் கொண்டுபோய்த் தேக்கியும் விடலாம்.

ஸ்லீவ் வாங்கும்போது

கட்டினால் வீக்கம் குறைந்து அளவு நிலைத்தபின், காலையில் அளவெடுத்து வாங்குங்கள். வீங்கிய கைக்கு வாங்கிய ஸ்லீவ் வீக்கத்தையே பாதுகாக்கும். பெரும்பாலானவர்களுக்கு 20 முதல் 30 மி.மீ. பாதரச அழுத்தம், எது என்று தெரபிஸ்ட் முடிவு செய்யட்டும். ஸ்லீவ் போட்டதும் புறங்கை வீங்கினால் கையுறையும் சேர வேண்டும். மேல் விளிம்பை மடித்துவிடாதீர்கள். மடிப்பு இரட்டை அழுத்தமாகிக் கையை நெரிக்கும். ரப்பர் கையுறை போட்டு இழுத்தால் சுருக்கமில்லாமல் ஏறும். இரண்டு வாங்கி மாற்றி மாற்றித் துவையுங்கள், முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள். ஆறு மாதத்தில் இழுவை போய்விடும்; பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் மாற்றுங்கள். இரவில் ஸ்லீவைக் கழற்றிவிடுங்கள்.

எடை தூக்கலாமா?

தூக்கலாம், படிப்படியாக. வீக்கம் உள்ள பெண்களிடம் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழு செய்த சோதனை 2009-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. வாரம் இரண்டு முறை, மெதுவாகக் கூட்டிய எடைப் பயிற்சி வீக்கத்தைக் கூட்டவில்லை. திடீர் வீக்க எழுச்சிகள் குறைந்தன. தூக்காமலே பழகிய கைதான் ஒருநாள் கல்யாண வீட்டில் அண்டாவைத் தூக்கி வீங்கும்.

அறுவைக்கு 6 வாரத்துக்குப் பின், மருத்துவர் அனுமதியோடு, வீக்கம் உள்ளவர்கள் ஸ்லீவ் போட்டுக்கொண்டு தொடங்குங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் அரை கிலோ. முழங்கை மடக்கல், பின்னால் இழுத்தல், சுவரில் தள்ளுதல், பக்கவாட்டில் தோள் உயரம்வரை தூக்கல். 10 முறை வீதம் 2 சுற்று. இரண்டு முறை செய்தும் கை கனக்கவில்லை, இறுகவில்லை என்றால் அரை கிலோ கூட்டுங்கள். காய்ச்சல், ஊர்ப் பயணம் என்று ஓரிரு வாரம் விட்டுப்போனால் விட்ட இடத்தில் தொடங்காமல் இரண்டு படி இறங்குங்கள். 20 லிட்டர் கேன் 20 கிலோ. பயிற்சியில் அந்த அளவை எட்டாதவரை அதை வேறொருவர் கவிழ்க்கட்டும்.

அன்றாடத்தில் எதற்குப் பயப்பட வேண்டும்

ஊசி, பி.பி. பட்டை, விமானம் பற்றித்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். பாஸ்டனின் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனை 2016-ல் வெளியிட்ட ஆய்வில் இவற்றுக்கும் கை வீக்கத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. தொடர்பு தென்பட்டவை கையில் வந்த கிருமித்தொற்றும் அதிக உடல் எடையும். வேறு கை இருக்கும்போது அதிலேயே ஊசி போடுங்கள் என்று சொல்வதில் தவறில்லை. அவசரத்தில் இந்தக் கையில் போட்டுவிட்டார்கள் என்று இரவெல்லாம் விழிக்க வேண்டாம்.

கவனம் சமையலறையிலும் தோட்டத்திலும் இருக்கட்டும். அரிவாள்மனை வெட்டு, மீன் முள், எண்ணெய்த் தெறிப்பு, ரோஜா முள், கொசுக்கடியைச் சொறிந்த புண், நகக்கண்ணில் பிய்த்த தோல். கிருமி நுழையும் வாசல்கள் இவை. மீன் கழுவும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் கையுறை. காயம் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவிக் கிருமிநாசினி தடவுங்கள். தோல் வெடிக்காமல் தேங்காய் எண்ணெயோ கிரீமோ இரவில் தடவுங்கள். வளையல் போடலாம், தடம் பதியாத அளவில்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை

கை சிவந்து, சூடாகி, வலித்து, குளிர் காய்ச்சல் வந்தால் கிருமித்தொற்று. சில மணி நேரத்தில் பரவும். அன்றே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். காய்ச்சலும் வலியும் அடங்கும்வரை கட்டும் மசாஜும் நிற்கட்டும்; கையை உயர்த்தி வைத்தால் போதும்.

ஓரிரு நாளில் கை முழுதும் திடீரென்று வீங்கி இரத்தக் குழாய்கள் புடைத்தால் உள்ளே இரத்தக் கட்டி இருக்கலாம். இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். கீமோ மருந்து ஏற்றத் தோலுக்கடியில் போர்ட் வைத்தவர்கள் இதில் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

ஆண்டுகள் கழித்து, அடங்கியிருந்த வீக்கம் காரணமின்றிக் கூடினாலோ, விரல்வரை பாயும் வலியும் கைப்பிடித் தளர்ச்சியும் வந்தாலோ, அக்குளிலோ காறை எலும்புக்கு மேலோ கட்டி தட்டுப்பட்டாலோ பிசியோதெரபியை நிறுத்தி முதலில் புற்றுநோய் மருத்துவரிடம் போங்கள். நோய் திரும்பவில்லை என்று அவர் பரிசோதித்துச் சொன்ன பிறகே கையில் மறுபடி கட்டு ஏற வேண்டும்.